சஹனில் என் பங்கு

உக்குவளை,
ஜூலை 19.

அன்பு மகள் றுஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளையும் தோஹாவில் நல்லபடி இருக்க அல்லாஹ் அருள வேண்டும். இங்கே நான் சுகம். உம்மா கிழமைக்கு இரண்டு நாள் கண்டிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள், வந்த அன்று படுத்துவிடுவாள், மறுநாள் எழுந்து என்னை ஏசுவாள், ஆகவே அவளும் சுகம் என்றே எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் லீவு முடிந்து தோஹா திரும்பும் நளீமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உம்மாவுக்கு என் சிறுநீரகத்தைக் கொடுப்பதென்றால் எண்பத்தெட்டுக் கிலோவை எழுபத்தாறாக்கிக்கொண்டு வரவேண்டும் என்று மார்ச்சில் டொக்டர் சொன்னபோது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஒங்களுக்கு அறுபது வயசாகப் போகுது வாப்பா, அது ஏலாது, ஓகஸ்டுல நானே வந்து குடுக்கிறேன்" என்றாய். மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சொன்னாய். அன்று பின்னேரமே நான் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். நாளைக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி என்று கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள். சோற்றை எடைபோட்டேன், பருப்பை எடைபோட்டேன், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் நூற்றிருபது கலோரி என்று தெரிந்த பிறகு உம்மாவின் பொரியலையும் மறுத்தேன். சுபஹுத் தொழுகை முடிய ரயில்வே ஸ்டேஷன் வரை வேகநடை, திரும்பவும் அசர் தொழுகைக்குப் பின் ஒருமுறை. ஓட்டோக்காரப் பொடியன்கள் "எலக்‌ஷன் கேக்கப் போறீங்களா, ஹாஜியார்?" என்று கத்துவார்கள். கேட்டால் நீங்கள் எனக்கு வோட்டுப் போடவா போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். முதல் மாதம் நாலு கிலோ இறங்கியது. பிறகு மூன்று கிழமை எடை மெஷினின் ஊசி அசையவில்லை. பெருநாளுக்குப் பின் வந்த கல்யாண மாதம் அது. ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து பேர் சாப்பிடுகிறோம் என்று அதன் கலோரியை ஐந்தால் வகுத்துக் கொப்பியில் எழுதி வந்தேன். கணக்குச் சரி, சாப்பாடு பிழை. வயதில் மூத்தவன் என்று எல்லோரும் இறைச்சியை என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், அண்ணன் முறை வைத்து "எடுங்க நானா" என்கிறார்கள், நானும் பேச்சுவாக்கில் இரண்டு பேருடைய பங்கைத் தின்றிருக்கிறேன். அடுத்த கல்யாணம் ஸக்கரியாவின் மகளுடையது. போய் எனக்குத் தனிப் பிளேட் கேட்டேன். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஸக்கரியா வந்து, "எங்கட சஹன்ல ஒக்கார ஒங்களுக்கு அருவருப்பா? சபையில என்ன அசிங்கப்படுத்தவா வந்தீங்க?" என்றான். நாற்பது வருடச் சிநேகிதன். "ஒன்ட சஹன்ல ஒரு கை கொறஞ்சா ஒனக்கு மரியாதை கொறையும். என்ட எடை கொறையாட்டி என்ட மகளைக் கிழிப்பாங்க" என்றேன். அவன் போய்ப் பிளேட்டைத் தானே கொண்டுவந்து வைத்தான். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். அதன் பிறகு போன எல்லா வீட்டிலும் தனிப் பிளேட்தான் கேட்டேன், இரண்டு வீட்டில் அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் எழுபத்தைந்தரை. மற்றச் சோதனைகளும் சரி என்று டொக்டர் ஃபைலைத் திறந்து, சிறுநீரகம் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். அதன் கீழே நீ போனில் சொல்லி எழுதுவித்த உன் பெயர் இருந்தது. வெட்டுங்கள் என்றேன். "இருக்கட்டுமே, ஒரு பாதுகாப்புக்கு" என்றார். அதை வெட்டினால்தான் நான் கையெழுத்து வைப்பேன் என்றேன். வெட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கோடு அல்ல, இரண்டு கோடு.

பால் கொடுப்பவள் நீ, என்னைப் பார்த்துக் கலோரி எண்ணத் தொடங்காதே, பசிக்கும் மட்டும் சாப்பிடு. அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி ஒப்பரேஷன், அன்று எங்கள் இருவருக்கும் துஆச் செய், அது போதும், வரவேண்டாம். அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் முழுசாக வைத்திருக்கட்டும்.

உன் வாப்பா,
சாலிஹ்