கந்தப்பன் கேட்ட பளபளப்பு

மே 6, 2025

பழைய வாள், கத்திகளைச் சீர்செய்கிற என் கொண்டப்பநாயக்கன்பட்டி பட்டறைக்கு இன்று கந்தப்பன் வந்தார். என் பிழைப்பில் மண்ணைப் போட்ட மனிதர், கையில் சூடான் நாட்டு வாளோடு, ஒன்றுமே நடக்காததுபோல!

ஆப்பிரிக்காவுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி அனுப்புகிறவர். போன இடத்தில் பழைய வாள் வாங்குவது பழக்கம். மூன்று வருடம் முன்பு அவர் கொண்டுவந்த வாள், சுற்றுலா வருகிறவர்களுக்காகச் செய்த புதுச் சரக்கு. உள்ளதைச் சொன்னேன். ஏமாந்ததை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "ஜோஸ்லின் அசலை மாத்திப்போட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். வாடிக்கை நின்றது. சர்ச்சில் பூசைக்குப் போன இடத்தில்கூட என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள்.

இப்போது? "அதெல்லாம் பழைய கதை, உட்ரு சாமி. உன்னைய உட்டா இதுக்கு ஆரு இருக்கறா?"

வாங்கி வைத்துக்கொண்டேன். எதற்கு?

மே 8

இது அசல். நூறு வருடத்துக்குக் குறையாது. இருபுறமும் கூர், நுனியருகே இலைபோல் விரிகிற தோல் உறை. பிடிக்குக் கீழே, கருத்த இரும்பில், முகம் வைத்த இரண்டு பிறை நிலா. மிக மெல்லிய வெட்டு. இந்த ஆளுக்கா இது கிடைக்க வேண்டும்? வயிறு எரிகிறது.

மே 9

ஃபோன் செய்தார். புதுச்சத்திரத்துப் புது வீட்டு ஹாலில் மாட்டப்போகிறாராம். "கருப்பெல்லாம் போயி கண்ணாடியாட்டம் மின்னோணும், பாத்துக்க."

வேறு யார் கேட்டாலும் சண்டை போட்டிருப்பேன். அந்தக் கருப்புதான் வாளின் வயதுக்குச் சாட்சி. மெஷினில் தேய்த்தால் பிறைகளும் போய்விடும்.

"சரிங்க" என்றேன்.

மே 10

கிரகப்பிரவேசத்துக்குப் பெங்களூரிலிருந்து பழம்பொருள் தெரிந்தவர் ஒருவர் வருகிறாராம். வரட்டும். நாலு பேர் முன்னால் வாளைப் பார்த்துச் சிரிக்கட்டும். நான் பட்டதில் கால்வாசியாவது இந்த ஆள் படட்டும்.

மே 17

தேய்த்துவிட்டேன். பிறைகள் இல்லை.

மே 18

உறையை மட்டும் ஒழுங்காகத் தைத்தேன். அதையும் கெடுக்கக் கை வரவில்லை.

மே 20

வந்து வாங்கிப்போனார். வாளில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூன் 4

கிரகப்பிரவேசத்துக்கு வேடிக்கை பார்க்கவே போனேன். பெங்களூர்க்காரர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பொருளை யார் இப்படி நாசம் பண்ணினது?"

ஹாலே திரும்பியது. சொல்லு, என் பேரைச் சொல்லு — 'நீங்கள் கேட்டதைத்தானே செய்தேன்' என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

கந்தப்பன் என்னைப் பார்த்தார். "நான்தானுங்க மின்னோணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. மொதல்லயும் ஒருக்கா அது மேல வீண்பழி போட்டுட்டேன், இன்னொருக்கா வேண்டாமுங்க."

பாவி மனுஷா! இதைப் போன மாசம் வந்தப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? அந்த நிலா ரெண்டும் இருந்திருக்குமே!

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தெரிந்தேதான் கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன்.