மூக்கைக் கட்டிய துணி

ஐப்பசி 3, திங்கள்

விடாத மழை. கொடியில் துணி காயவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரி. பார்வை மங்கல்தானே, கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்றிருந்தோம். ஸ்கேனில் கட்டி. மண்டையோட்டின் அடியில், மூக்குக்கு நேர் மேலே. எலுமிச்சையை விடப் பெரிது. கண் நரம்பை நசுக்குகிறதாம்.

டாக்டர் இவரைக் கண்ணை மூடச் சொல்லி, மூக்கடியில் காபிப்பொடி டப்பாவைப் பிடித்தார்.

"என்ன வாசனை?"

"ஒண்ணும் தெரியலையே."

"எப்போலேருந்து இப்படி?"

"தெரியாது ஸார். நான் கோயில் மடைப்பள்ளியில தளிகை பண்றவன். பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி நாங்க மோந்து பாக்கப்படாது. மூக்கையும் வாயையும் துணியால கட்டிண்டுதான் சமைப்போம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்தக் கட்டியில முதல்ல போறதே வாசனைதாங்க. அப்பவே வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும்."

ஐப்பசி 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு லீவு லெட்டர். தலைவலி மாத்திரை. இவருக்குப் புது வேஷ்டி.

போன மாசம் மடைப்பள்ளியில் பொங்கல் அடிப்பிடித்துத் தெருவரை தீய்ந்த நாற்றம். இவர் அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "சிரத்தையே இல்லை ஓய்" என்று ஆளாளுக்கு ஏச்சு. வீட்டில் என் பங்குக்கு நானும்.

இன்று ஆத்திரமாக வருகிறது. யார்மேல்? பெருமாளே, உன்மேல்தான். உனக்காகக் கட்டிக்கொண்ட துணி அது.

ஐப்பசி 9, ஞாயிறு

அட்மிஷன். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூக்கு வழியாகப் போகலாம். ஆனால் கட்டி பெரிது, மூளை நீர் மூக்கால் ஒழுகிவிடும், வேண்டாம். பக்கவாட்டில் திறந்தால் கண் நரம்பு சீக்கிரம் தெரியும், ஆனால் எதிர்ப்பக்கத்துக் கட்டி கைக்கு எட்டாது. அதனால் நெற்றி. காதிலிருந்து காதுவரை கீறி, நெற்றி எலும்பைக் கழற்றி, மூளையை மெல்லத் தூக்கிக் கட்டியை எடுப்பார்களாம்.

"கண்ணு வந்துடுமா டாக்டர்?"

"உள்ள போனாதாம்மா தெரியும். வாசனை திரும்பாது. உயிருக்கும் ஆபத்து உண்டு. கையெழுத்து போடுங்க."

இவர் கேட்டது ஒன்றுதான். "மறுபடி பெருமாளைச் சேவிக்க முடியுமோல்லியோ?" கிளம்புமுன் சந்நிதியில் தீபம் மட்டும் புகையாகத் தெரிந்ததாம்.

ஐப்பசி 11, செவ்வாய்

காலையில் குடுமி போயிற்று. திருமண் இல்லாத வெறும் நெற்றியோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஆகியும் தகவல் இல்லை.

வார்டு ஆயா: "அழுதுக்கினே இருந்தா எப்டிமா? போ, மூஞ்சி கழுவிக்கினு வா. டீ வாங்கியாறேன்."

கழுவினேன். டீ இறங்கவில்லை. இவர் இல்லாமல் நான் என்ன செய்வேன்? கண் போனாலும் பரவாயில்லை, ஆளைக் கொடு. இல்லை, கண்ணையும் கொடு.

கடைசியில் டாக்டர் வந்தார். "கட்டியை வெளியே எடுத்தாச்சு. முழிக்கட்டும், பாப்போம்."

ஐப்பசி 12, புதன்

உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. "ஏன்னா" என்றேன். அசைவில்லை. நர்ஸ் இமையை விரலால் விலக்கினாள். கண் என்னைப் பார்க்காமல் எங்கோ போயிற்று. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"ஏண்டி பாழ் நெத்தியா நிக்கறே?"

தடவிப் பார்த்தேன். ஆமாம். நேற்று முகம் கழுவினதோடு சரி, குங்குமம் இட்டுக்கொள்ளவே இல்லை.