இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு

2005 ஆகஸ்ட் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜீடிமெட்லாவில் மழை என்றால் மருந்து ஃபாக்டரி நாற்றமும் சேர்ந்தே வரும். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்கு நின்றேன். குடையில் ஒரு கம்பி போய்விட்டது. ரிப்பேர் செய்ய வேண்டும்.

மூன்றாம் வருட மார்க் மெமோ வந்துவிட்டது. மதியம் ஆபீஸில் கொடுத்தார்கள்.

டேட்டாபேஸ் லேப், இன்டர்னல்: 25க்கு 12.

வேறு யாருடைய மெமோவோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். எஸ். பானுமதி. நான்தான்.

பக்கத்து சீட் ஸ்வப்னாவுக்கு 23. செமஸ்டர் முழுக்க என் ரெகார்டு நோட்டைப் பார்த்துத்தான் அவள் எழுதினாள். நான் ஒரு இடத்தில் மை கொட்டி அடித்துவிட்டு எழுதியிருந்தேன். புண்ணியவதி அதையும் அடித்துவிட்டு எழுதியிருந்தாள். "இதேந்தி பானு?" இதென்ன என்று என் மெமோவையே பார்த்தாள். பிறகு தன்னுடையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மொத்தம் 2250. அறுபது சதவீதம் 1350. என்னுடையது 1344.

மூன்று முறை கூட்டினேன். நான்காவது கால்குலேட்டரில். 1344.

அறுபது இல்லாவிட்டால் கேம்பஸ் தேர்வுக்கு உட்கார முடியாது. எங்கள் காலேஜுக்கு வருவதே ஒரு கம்பெனி. போன வருடம் அதுவும் வரவில்லை. இந்த வருடம் 18ஆம் தேதி வருகிறது. வேலை கிடைத்தால் நான் ஹைதராபாத்தில். கிடைக்காவிட்டால் மே மாதம் பரீட்சை முடிந்ததும் சங்கரன்கோவில், அத்தை ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறாள். அப்பா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பேப்பர் படித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

அழுகை வரும் என்று பாத்ரூமுக்குப் போனேன். வரவில்லை. போனதற்கு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் தோசை, பூண்டுத் துவையல். மூன்று சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

முத்துக்குமார் சாரைப் போய்ப் பார்த்தேன். லேப் அவருடையதுதான். ஜனவரியில் சேர்ந்தவர், இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. சிகந்திராபாத் தமிழர், அவர் தாத்தாவே அங்கே பிறந்தவராம். வகுப்பில் இங்கிலீஷ், ஜோக் அடித்தால் தெலுங்கு. காலேஜுக்குள் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை.

இங்கிலீஷில் சொன்னார்: மார்க் யுனிவர்சிட்டிக்குப் போயாயிற்று, ஒன்றும் செய்வதற்கில்லை. பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

ரெகார்டு 5க்கு 0
தினசரி வேலை 10க்கு 4
டெஸ்ட் 10க்கு 8

சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே வாட்டர் டேங்க்தான் இருக்கிறது. ரெகார்டுக்கு ஏன் சைபர்? லேட்டாகக் கொடுத்தாயாம். லேட் இல்லை சார் என்றேன். வகுப்பு இருக்கிறது என்று எழுந்துபோனார். அந்த நேரம் அவருக்கு வகுப்பு கிடையாது. டைம்டேபிள் எனக்குத் தெரியாதா என்ன.

அங்கே சொல்லாமல் விட்டுப் பஸ்ஸில் யோசித்தவை:
- என்னைப் பார்த்து எழுதியவளுக்கு 23 எப்படி
- தினசரி வேலைக்கு நாலா? சிஸ்டம் ஹேங் ஆனால் என்னைத்தானே கூப்பிடுவீர்கள்
- ஜன்னலை விட்டு என்னைப் பாருங்கள்

இதையெல்லாம் தமிழில் எழுதுவது ஸ்வப்னா எட்டிப் பார்த்தாலும் புரியக்கூடாது என்பதற்காக. அம்மாவுக்குப் புரியும். ஆனால் என் நோட்டைத் தொடமாட்டாள், ஏதோ பாடம் என்று நினைத்துக்கொள்வாள்.

அம்மாவிடம் ஒரு பாடத்தில் மார்க் குறைவு என்று மட்டும் சொன்னேன். எந்த சார் என்று கேட்டாள். சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது.

"நம்ம ஆளுல்லா அவரு! ஒரு வார்த்தை கேட்டா போடமாட்டாரா? கேட்டா வாய்முத்து உதிர்ந்துருமா ஒனக்கு?"

மார்க் கேட்கமாட்டேன் என்றேன். என்னுடையதைத் திருப்பிக் கேட்பேன், அது வேறு. அம்மா முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, புதன்

மழை. குடை இன்னும் ரிப்பேர் ஆகவில்லை.

ஆபீஸ் கிளார்க் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்டர்னல்கி ரீவால்யுவேஷன் லேதம்மா" என்றார். யுனிவர்சிட்டி பரீட்சை மார்க் தப்பு என்றால் அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. காலேஜிலேயே போடும் இன்டர்னலுக்கு ஃபாரமே கிடையாது. ஃபாரம் இல்லை என்றால் தப்பும் நடக்காது போலிருக்கிறது.

பிளேஸ்மென்ட் சார் பரவாயில்லை. மார்க்கைத் திருத்தி டிபார்ட்மென்ட் தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொண்டுவந்தால் லிஸ்டில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த புதன் நாலு மணிவரை. ஆக ஒரு வாரம். ஆறு மார்க்.

வீட்டில் ரெகார்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட், பன்னிரண்டு கையெழுத்து. கடைசியில் ஏப்ரல் 11 என்று அவரே தேதி போட்டிருக்கிறார். கெடு ஏப்ரல் 15.

அவர் கையெழுத்து. அவர் தேதி. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

நேற்று டிபார்ட்மென்ட் தலைவர், எச்.ஓ.டி., லீவு. அதனால் இன்று.

எச்.ஓ.டி. பெரிய உருவம், மெதுவான குரல். டிபார்ட்மென்ட்டே அவருக்கு அடங்கித்தான். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, சிரிப்பார், அவ்வளவுதான். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தேதியைக் காட்டினேன். தலையாட்டினார். பியூனை அனுப்பி மு. சாரை வரவழைத்தார்.

மு. சார் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் சட்டைப்பைப் பேனாவை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தார். தேதியைப் பார்த்தார். சரிபார்த்துச் சொல்கிறேன் என்றார்.

எச்.ஓ.டி. சிரித்துக்கொண்டே, "மீ அரவ அம்மாயே கதய்யா. மீரே சூஸ்கோண்டி" என்றார். உங்கள் தமிழ்ப் பெண்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சாருக்குக் காது சிவந்துவிட்டது.

இதில் சிவக்க என்ன இருக்கிறது?

கேன்டீனில் ஸ்வப்னா சமோசா வாங்கித் தந்தாள். உள்ளே ஆறிப்போய் இருந்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

வெயில், அதிசயமாக. அம்மாவும் நானும் சிகந்திராபாத் முருகன் கோவில். இரண்டு பஸ்.

அம்மாவுக்கு மு. சார் பழக்கமானதே இந்தக் கோவிலில்தான், பங்குனி உத்திரத்தன்று. தமிழ் வாத்தியார், அதுவும் மகளுடைய காலேஜ். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்திரை ஒன்று வந்ததும் முந்திரிக்கொத்து செய்து ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்துவிட்டாள். நான்தான் மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். "அம்மா கொடுத்துவிட்டாங்க சார்." எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். எச்.ஓ.டி. இரண்டு.

இன்று அம்மா பிராகாரம் சுற்றப் போனதும் சாரே என் பக்கத்தில் வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி. உருது கலந்த சிகந்திராபாத் தமிழில் பேசினார்; ஹவ் என்றால் ஆமாம், நை என்றால் இல்லை.

"ஹவ்மா, உனக்கு இருபத்திரெண்டுதான் போட்டிருந்தேன்."

"நீ பலகாரம் கொண்டாந்தியே, அன்னிலேர்ந்து ஸ்டாஃப் ரூம்ல ஒரே கிண்டல். அரவ அண்ணன், அரவ தங்கச்சின்னு. மார்க் லிஸ்ட்ல கையெழுத்து வாங்கப் போனா, எச்.ஓ.டி. உன் பேர் மேல விரலை வச்சுட்டு சிரிக்கிறார். நம்ம ஆளுக்கு அள்ளிப் போட்டேன்னு நினைப்பாரோன்னு நின்ன இடத்துலயே அடிச்சு மாத்திட்டேன்."

"அவர் அடிக்கச் சொன்னாரா சார்?"

"நை. யாரும் சொல்லலை."

கோபம் வந்தது. அரை நிமிடம் இருந்திருக்கும். கழுவிவிட்ட தரை ஈரம், வழுக்கப்போகிறது, அம்மா பார்த்து நடக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

சரி செய்துவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை கடிதம் தருகிறேன் என்றார். "வீட்டுல இதெல்லாம் நக்கோம்மா." வீட்டில் சொல்ல வேண்டாமாம்.

ஆறு வேண்டும் சார் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அது மார்க் கேட்பது. இருபத்திரண்டு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது, பிறகு என்ன எண்ணிக்கை.

அம்மா சுற்றி முடித்து வந்து, "பிள்ளைக்கு நீங்க இருக்கியன்னு ஒரு தைரியம்தான் சார்" என்றாள். அவர் கை கூப்பினார். நான் கொடிமரத்தைப் பார்த்தேன்.

அந்த முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து, திரித்து, வெல்லப்பாகு வைத்து, இரண்டு நாள் அடுப்படியில் நின்றாள். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

லீவு. தலைக்குக் குளித்தேன். குடை ரிப்பேர் ஆயிற்று.

ஆப்டிட்யூட் புத்தகம்: இருபது கேள்வி, பதிமூன்று சரி. ரயில் கணக்கு எப்போதும் தப்பு.

அப்பா அத்தைக்கு ஃபோன் செய்து, பானுவுக்கு வியாழக்கிழமை கேம்பஸ், பெரிய கம்பெனி என்று சொல்லிவிட்டார். "வேலை கெடைச்சிட்டுன்னா அவசரப்படவேண்டாம்க்கா, ரெண்டு வருசம் போகட்டும்." அடுத்த அறையில் என் காதில் விழுந்தது. அப்பா அப்படி நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது. இந்த எட்டு நாளில் இன்றுதான்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

கடிதம் கிடைத்தது.

காரிடாரில் வைத்துக் கொடுத்தார். எச்.ஓ.டி. கையெழுத்து, சீல், எல்லாம் சரி. "ரெகார்டு மதிப்பெண் கூட்டலில் விடுபட்டுவிட்டது. 12 என்பதை 17 என்று திருத்திக்கொள்ளவும்."

17.

சார் முகத்தில் பெரிய நிம்மதி. குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார், ரெகார்டுக்குத்தான் தேதி இருக்கிறது, அதைக் காட்டி ஐந்து வாங்கிவிட்டேன், தினசரி வேலைக்கு ஆதாரம் கிடையாது, அதையும் ஏற்றினால் மறுபடி பேச்சு வரும். தேங்க்யூ சார் என்றேன். தேங்க்யூ என்று சொல்லியிருக்கிறேன்! வாயில் அதுதான் வந்தது.

கேன்டீனில் உட்கார்ந்து மெமோவின் பின்பக்கம் கூட்டினேன். 1344 + 5.

1349.

ஸ்வப்னாவிடம் காட்டினேன். "ஒக்க மார்க்கா?" ஒரே ஒரு மார்க்கா என்று முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். சும்மா மூக்கை உறிஞ்சுகிற அழுகை இல்லை, நிஜ அழுகை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கர்ச்சீப்பைக் கொடுத்தேன். அவள் டீ ஆறிக்கொண்டிருந்தது, அதையும் நானே குடித்தேன்.

அம்மா நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டியிருக்கிறாள். ஷால் மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 17, புதன்

மழை, விட்டு விட்டு.

பிளேஸ்மென்ட் சார் கடிதத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். 59.95. அறுபதாக எடுத்துக்கொள்ளக் கூடாதா சார்? முடியாதாம். கம்பெனி சாஃப்ட்வேரில் அறுபது என்று அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். அவருக்கே கஷ்டமாக இருந்தது. நாலு மணிவரை டைம் இருக்கிறதே, மறுபடி கேட்டுப் பாரும்மா என்றார்.

லைப்ரரி வெளித் திண்டில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணியிலிருந்து மூன்றேகால் வரை. என்ன யோசித்தேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு பூனை வந்தது, போனது.

மூன்று இருபதுக்கு ஸ்டாஃப் ரூம். டீ நேரம். ஆறு பேர் இருந்தார்கள். எச்.ஓ.டி.யும் ஒரு நாற்காலி போட்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தார். மு. சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்வதற்குள் கேட்டுவிட்டேன்.

"சார், எனக்கு இன்னும் ஒரு மார்க் போடுங்க."

சத்தமாகவே கேட்டேன். தமிழில்.

கேட்கமாட்டேன் என்று இத்தனை நாள் வைத்திருந்தது இதைத்தான். நான் கேட்டதாக இவர்கள் ஏப்ரலிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். இன்றுதான் கேட்டேன்.

மு. சார் என்னைப் பார்க்கவில்லை. எச்.ஓ.டி.யைப் பார்த்தார். எச்.ஓ.டி. பிஸ்கெட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஸ்பீக் இன் இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றார் மு. சார்.

அதையே இங்கிலீஷில் திரும்பக் கேட்டேன்.

விதிப்படி பார்க்கிறேன் என்றார். நீ வெளியே காத்திரு என்றார். காத்திருந்தேன். நாலு மணிக்கு லிஸ்ட் ஒட்டினார்கள். நாற்பத்தொரு பேர். ஸ்வப்னா முப்பத்தாறாவது. நான் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். அம்மா ஷாலுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பட்டும் என்று கேட்டாள்.

ஆறு மணிக்கு என்றேன்.