கண்ணாடியில் எழும்பிய எட்டு

அன்பு வாலு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், ஆனால் போனில் நீ சொல்வதை அப்படியே நம்புவதைக் கொஞ்ச நாளாக விட்டுவிட்டேன், அதனால்தான் கடிதம். எழுத்தில் கேட்டால் சிரித்து மழுப்ப முடியாதல்லவா.

கொஞ்ச நாளாக அப்பா வேலை விட்டு வந்ததும் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். வெந்நீர் ஓடும் சத்தத்துக்கு நடுவே மெல்லப் பேச்சு கேட்கும், நான் அந்தப் பக்கம் போனால் நின்றுவிடும். கேட்டால் வேலை விஷயம் என்கிறார். குடிநீர்த் தொட்டிகளில் அப்படி என்ன ரகசியம் ஓடுகிறது? ஒருநாள் அவர் போனை எடுத்துப் பார்த்தேன், எல்லா அழைப்பும் உன்னுடையது. என்னிடம் மூச்சுவிட நேரமில்லை என்கிறவள் அப்பாவிடம் தினமும் பேசினால் என்ன நினைப்பது? உனக்கு வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, யாரையாவது முடிவு செய்துவிட்டு முதலில் அவரைச் சரிக்கட்டுகிறாயா என்று மனசு எங்கெங்கோ போனது. அவர் சட்டைப்பையைக்கூடத் துழாவினேன், கிடைத்தது முட்டிவலி மாத்திரையும் ஒரு பேனா மூடியும்.

போன வியாழக்கிழமை குளிக்கப் போனபோது, ஆவி படிந்ததும் கண்ணாடியில் எழுத்து எழும்பியது. விரலால் எழுதினது காய்ந்தால் போய்விடும் என்று நினைத்திருக்கிறார், மறுபடி ஆவி படிந்தால் கூப்பிட்ட மாதிரி வந்து நிற்கும் என்பது கண்ணாடி துடைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

2x + 8 = 20
x + 8 = 10
x = 2

ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். எட்டாம் வகுப்பில் நீ செய்த அதே தப்பு. எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துவிட்டு எட்டை மட்டும் விட்டுவிடுவாய், ஏண்டி என்றால் "அது பாட்டுக்கு ஓரமா நிக்குதும்மா, அதை ஏன் வம்புக்கு இழுக்கணும்" என்பாய். அன்று சாயங்காலம் கதவோரம் காதை வைத்தால் அப்பா போனில், "எட்டு பாட்டுக்கு ஓரமா நிக்கட்டும், சரிதானே?" என்கிறார்.

மறுநாள் அவரோடு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனைக் கடைத்தெருவில் பிடித்து விசாரித்தேன். அப்பாவுக்கு அடுத்த மாதம் ஆய்வக வேலைக்குப் பரீட்சையாம், தண்ணீரில் கலக்கும் மருந்து அளவைக் கணக்குப் போடுகிற உட்கார்ந்த வேலை. தேறாவிட்டால் அந்த முட்டியோடு இன்னும் எத்தனை வருஷம் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறுவார்? கணக்கில் பட்டம் வாங்கின நான் வீட்டிலேயே இருக்க, ஏன் இந்த ஒளிவுமறைவு? நான் சிரித்துவிடுவேன் என்று பயந்தாரா? அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று அவர் எழுதினதற்குக் கீழே 'விடையைப் போட்டுப் பாருங்க' என்று நானும் விரலால் எழுதிவைத்தேன். குளித்துவிட்டு வந்தவர் நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்தபிறகு, "எட்டை முதல்ல எடுக்கணுமோ?" என்றார். எந்த எட்டு என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியாகப் போட்ட ஷூவை முதலில் கழற்றிவிட்டுத்தானே சாக்ஸைக் கழற்றுகிறோம் என்று சொன்னேன். தண்ணீர் தொட்டு மேசையில் எழுதினார், இரண்டு பக்கமும் எட்டைக் கழித்தார், 2x = 12, வகுத்தார், x = 6. ஆறைப் பழைய இடத்தில் போட்டுப் பார்த்தார், இருபது வந்தது. "உன் பொண்ணு இதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

அங்கேதான் எனக்கு அடுத்த சந்தேகம். பாலம் கட்டுகிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள் இன்னுமா அந்தத் தப்பைச் செய்வாள்? தெரியாமல் சொல்லிக்கொடுத்தாயா, அவர் என்னிடம் வந்து சேரட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தாயா?

இனி அந்த நேரத்தில் உன் போன் சும்மாதான் இருக்கும், என்னைக் கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடிய என் ஆசி எப்போதும் உண்டு. கேட்டதற்குப் பதில் எழுது. விடை மட்டும் போதாது, படிப்படியாக எழுது.

உன்னை இன்னும் முழுசாக நம்பாத,
அம்மா