புது இலை வெளிறியிருக்கிறது

மார்ச் 6

கறுப்புத் திரையைக் கட்டி முடித்தோம். இன்றிலிருந்து, மருந்துக்காக லைசென்ஸ் வாங்கி வளர்க்கும் கஞ்சாச் செடிகளுக்குப் பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் இருட்டு. அப்போதுதான் பூக்கும். ராத்திரி மின்சாரம் மலிவு, சூடும் குறைவு. அதனால் விளக்கை மாலையில் போட்டுக் காலையில் அணைக்கிறோம். நமக்குப் பகல் என்றால் அதுகளுக்கு ராத்திரி.

ரோங் ஒரு அட்டையில் "தூங்குறாங்க, கதவைத் திறக்காதீங்க" என்று எழுதி ஒட்டியிருக்கிறான். கட்டின பெண்டாட்டி தூங்கும்போது டி.வி. சத்தத்தைக் குறைக்கத் தெரியாத மனுஷன்! ஆனால் விஷயம் விளையாட்டில்லை. இருட்டு நேரத்தில் வெளிச்சம் பட்டால் செடி குழம்பிப் பெண் பூவுக்குள்ளேயே ஆண் பூவும் விட்டுவிடும். அப்புறம் எல்லாம் விதைதான், மருந்துக்கு ஆகாது. சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 10

ரோங்கின் அக்கா கம்லா பக்கத்து வீட்டிலிருந்து குழம்புக்குச் சிவப்பெறும்பு முட்டை கொண்டுவந்தாள். விளக்கு போட்டதும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, நுனி இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கு? நீயா தண்ணி ஊத்தினே?" என்றாள்.

அவ்வளவுதான். அவன் முகம் செத்துவிட்டது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தப் பெயர்தான். சூட்டுக் கை. சிலர் கை குளிர்ச்சி, குச்சியை நட்டாலும் துளிர்க்கும். சிலர் கை சூடு, தொட்டது வாடும். சக்கோன் நகோன் பக்கம் இதை நம்பாத வீடு கிடையாது. அவன் நட்ட மிளகாய் நாற்று பட்டுப்போனதை கம்லா அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். வயல் அக்காவுக்கு, ஆலை தம்பிக்கு என்று வீட்டில் முடிவு செய்து அவனைத் தாய்லாந்தை விட்டுத் தைவானுக்கு அனுப்பினார்கள். ஆறு வருஷம் சைக்கிள் ஆலையில் இருந்தான். நான் இங்கே தனியாக இருந்தேன்.

திரும்பி வந்த அன்றே சொல்லிவிட்டான்: "இந்த முதல் விளைச்சல் மட்டும் பாக்குறேன் சோன். சரியா வரலன்னா நான் மண்ணுக்கு லாயக்கில்லாதவன்னு ஒத்துக்கிட்டுத் திரும்பப் போயிடுறேன்."

போக விடமாட்டேன். இதை அவனிடம் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 11

இரும்புச் சத்து டப்பா ஒன்று வாங்கி வந்திருக்கிறான். இலை ஏன் வெளிறியது என்று தெரியாமலே மருந்து ஊற்றுகிறான். நான் டப்பாவைப் பிடுங்கினேன். சண்டை.

மார்ச் 12

பாரம்பரிய மருந்தகத்து சவ்வனீக்குப் போன் போட்டேன். எங்கள் பூவை வாங்கி எண்ணெய் எடுக்கப்போவது அவள்தான். எரிந்து விழுவாள் என்று பயந்தேன், சிரித்துவிட்டாள்.

"அடியேய், புது இலை வெளிர் பச்சையாத்தான் இருக்கும். பச்சைச் சாயம் அதுக்குள்ள இன்னும் சேரல. விளக்குக்குக் கீழ கிடுகிடுன்னு வளருது இல்ல, வளர்ற வேகத்துக்குச் சாயம் பின்னாடிதான் வரும். கீழ இருக்கிற இலை கரும்பச்சையா இருக்கா? இருக்குன்னா போய்த் தூங்கு."

"எப்பக் கவலைப்படணும்?"

"நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவுல மஞ்சளானா, இல்ல இலை முத்தின பிறகும் கரும்பச்சையாக் கறுக்கலன்னா. அப்பக் கூப்பிடு."

ரோங்கிடம் சொன்னேன். "உனக்கு ஆறுதலா இருக்கணும்னு அவங்க சொல்லிருப்பாங்க" என்றான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறான், ஏதோ ஒட்டியிருப்பது போல.

மார்ச் 13

நரம்பு பச்சையா, நடு மஞ்சளா — அதைத்தான் பார்க்க முடியவில்லை! எங்கள் விளக்கு ரோஜா நிறம். அதன் கீழே என் கைகூட அவித்த இறால் போலத் தெரிகிறது. இதில் எங்கே இலை நிறத்தைப் பார்ப்பது? போதாததற்கு விளக்கு எரியும் நேரமெல்லாம் அவன் உள்ளேயே நின்று ஒவ்வொரு நுனியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

வெள்ளை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 14

மத்தியானம் அவன் கடைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்து, திரையை ஒரு ஓரமாய் விலக்கி, போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். ஒரே சீரான வெளிர் பச்சை, நரம்பும் நடுவும் ஒரே நிறம். சவ்வனீ சொன்னதுதான் சரி! அடையாளத்துக்கு ஒரு நுனியில் நூல் கட்டிவிட்டு வந்தேன். அந்த இலை கறுத்ததும் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுவேன், பார்த்துக்கோ உன் சூட்டுக் கையை என்று.

மார்ச் 16

இன்றும் பார்த்தேன். நேற்றும். கொஞ்சம் கறுத்திருக்கிற மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

மார்ச் 19

பார்த்தேன்.

மார்ச் 23

கறுத்துவிட்டது!! நூல் கட்டிய இலை அதன் கீழ் இலை மாதிரியே கரும்பச்சை. அதற்கு மேலே புதிதாக இரண்டு, அதே இளம் பச்சை. காலையில் விளக்கு அணைவதற்கு முன்னால் அவனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த ரோஜா வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முதல் தடவையாக வெறுங்கையால் இலையைத் தொட்டான். இத்தனை நாள் கையுறை போடாமல் தொட்டதே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பப்பாளிக்காய் இடித்துப் பச்சடி செய்தேன். காரம் போதவில்லை என்று குறை சொன்னான். குறை சொல்கிறான் என்றால் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஏப்ரல் 7

எப்படி எழுதுவது.

பூவுக்குள் மஞ்சளாய், குட்டி வாழைப்பழம் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் இல்லை, பாதிச் செடிகளில். ரோங்தான் முதலில் பார்த்தான். சவ்வனீ நேரிலேயே வந்தாள்.

"ஆண் பூ விட்டிருக்கு. விதையும் பிடிச்சாச்சு. இதை நான் எடுத்துக்க முடியாது ரோங்." அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்: "இருட்டு நேரத்துல எங்கயாவது வெளிச்சம் பட்டுச்சா? திரையில ஓட்டை? யாராவது திறந்தீங்களா?"

"இல்லக்கா. யாரும் திறக்கல. சோன் அந்தப் பக்கமே போகமாட்டா" என்றான் ரோங்.

எனக்காக அவனே சொல்லிவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 8

அவன் கத்தவில்லை, குடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தானே கறுத்துச்சு சோன். நான் தொட்டேன், பாரு. தொட்ட பிறகுதான்..."

சொல்லிடு. சொல்லிடு சோன். என்ன பண்ணிடுவான்? திட்டுவான். அதுக்கு மேல? — தெரியல. சொன்னா என் மேல கோபத்துல போயிடுவான், சொல்லலன்னா தன் மேல வெறுப்புல போயிடுவான். எப்படியும் போறான்.

ஏப்ரல் 10

தைவானுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் கூப்பிட்டார். பண்டிகை முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றான். பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறான்.

ஏப்ரல் 13

சொங்க்ரான், எங்கள் புத்தாண்டுப் பண்டிகை. தெருவெல்லாம் பிள்ளைகள் தண்ணீர் வீசுகிறார்கள். நாங்கள் கம்லா அக்கா வீட்டுக்குப் போனோம். வீட்டில் மூத்தவள் அவள்தான், அவள் கையில் மல்லிகைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க வேண்டும். உறவுக்காரர்கள் எல்லோரும் வரிசையாய் ஊற்றினார்கள். ரோங் மண்டியிட்டு ஊற்றினான்.

"ஐயோ! தண்ணிகூடச் சுடுதுடா தம்பி!" என்று அக்கா கையை உதறினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் கிடையாது அவளுக்கு, கிண்டல்தான். ரோங்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அவன் கை இல்லக்கா. நான்தான். தினமும் மத்தியானம் கதவைத் திறந்து லைட் அடிச்சேன். செடி என்னால கெட்டுச்சு."

கிண்ணம் இன்னும் அவன் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். கம்லா அக்கா, "எதுக்குடி திறந்தே?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவன் கை சூடு இல்லன்னு காட்டுறதுக்கு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 14

அவன் வரவில்லை.

ஏப்ரல் 15

சாயங்காலம் வந்தான். துணி நனைந்து முகமெல்லாம் பண்டிகை மாவு, யாரோ பூசியிருக்கிறார்கள். உட்காராமல் பேசினான்.

"திறந்ததுக்குக் கோபம் இல்ல. அறிவு கெட்டத்தனம், அவ்வளவுதான். ஆனா நான் படியில உக்காந்து கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன் இல்ல? நீ அதைப் பார்த்துக்கிட்டு இருந்தே."

ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். தோன்றவில்லை. அதைச் சொல்வதற்குக்கூட வெட்கமாக இருந்தது. "தப்புதான்" என்றேன்.

சோற்றுக் கூடையைத் திறந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டான். எனக்கு எதிரே உட்காரவில்லை. ஆனால் சாப்பிட்டான்.

ஏப்ரல் 19

செடிகளை வெட்டினோம். அவன் வெட்ட, நான் சுமந்தேன். பெட்டி இன்னும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 24

கம்லா அக்கா வந்தாள். ஒரு கட்டு மிளகாய் நாற்றை அவன் முன்னால் போட்டு, "என் கொல்லையில நீ வந்து நட்டுக் கொடு" என்றாள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. "பட்டுப்போனா?" என்றான். "பட்டுப்போனா ஊறுகாய் வாங்கித் தின்னுக்கிறேன், வாடா."

போனான்.

மே 3

பூக்க விடாமல் தனியாக வைத்திருந்த தாய்ச் செடியிலிருந்து வெட்டி வேர்விட வைத்திருந்த கிளைகளை இன்று தொட்டிக்கு மாற்றினோம். கையுறை போடாமல் அவன் மண்ணைக் குவித்து அழுத்த, நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். நுனியெல்லாம் இளம் பச்சை. அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.

அலமாரி மேலிருந்த போன் அடித்தது. ஏஜென்ட்.

"எடுத்துப் பேசு" என்றான். "எனக்குக் கை மண்ணா இருக்கு."

"என்னன்னு சொல்றது?"

அடுத்த தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னான்:

"கை மண்ணா இருக்குன்னு சொல்லு."