கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வா

கடியப்பட்டணம்,
அக்டோபர் 19

என் செல்லத் தங்கச்சி ரெஜிலாவுக்கு,

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். அக்கா குளோரி எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், நீ என்னைப் பேச விட்டால்தானே!

ஏட்டி, ஜெயிச்சுப்போட்டியே! ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் அரசாணையை மைக்கில் வாசித்தார். கடலில் காணாமல் போனவர்களின் குடும்பம் உதவித்தொகைக்கு இனி ஏழு வருஷம் காத்திருக்க வேண்டாமாம். கோயிலுக்குள்ளேயே கைதட்டல்! பூங்கனி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். அவள் புருஷனும் உன் அத்தானும் ஒரே படகில் போய்த் திரும்பாதவர்கள்தானே.

யூஜின் மாமாவை நீ பார்த்திருக்க வேண்டும். நிதித்துறையில் துணைச் செயலாளர் வேலையை நீ விட்டபோது, "அவளுக்கு வட்டு பிடிச்சாச்சு, புத்தி கெட்டுப்போச்சு" என்று தெருத்தெருவாகச் சொன்னவர், இப்போது மிட்டாய்ப் பெட்டியோடு அலைகிறார். "ஏலே, எங்க ரெஜிலா சின்னதுலயே இப்படித்தான்" என்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டிவியில் ஒருவர் "கஜானா தாங்காது" என்றதும், "தாங்கும் சார், பதினெட்டு வருஷம் அந்தக் கஜானாவைப் பார்த்தவ நான்" என்றாயே, அதை ஊர்ப் பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்கள். கோட்டைக்குள் இருந்து கேட்டாய், நடக்கவில்லை. வெளியே வந்து ஊர் ஊராகப் பேசி வாங்கிவிட்டாய். பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது.

ஒரு காரியம், கோபப்படாதே. பூங்கனி விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் கொடுக்கவில்லை. என் கணவர் ஆபேல் இறந்துவிட்டார் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷமாகக் கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்கள் பட்டியலோடு வாசிக்கக்கூட நான் அவர் பெயரைக் கொடுத்ததில்லை. சிரிக்காதே, அவர் போன் நம்பருக்கு இன்றைக்கும் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் பிளஸ்ஸியின் நர்சிங் சீட்டு இந்தப் பணத்தை நம்பித்தான் நிற்கிறது. "அம்மா, நீ எப்போ போடுவியோ அப்போ போடு" என்கிறாள் பாவம். மகளைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை. நீ வாங்கித் தந்ததை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வா மக்கா. சாளைமீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்துத் தருகிறேன். கையெழுத்தை நான் போட்டுவிடுவேன், நீ பக்கத்தில் இருந்தால் போதும். அத்தான் பெயரை மட்டும் சாமியாரிடம் நீ போய்ச் சொல்லு. என் வாயால் ஆகாது.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா குளோரி