இந்தத் தடவை தோரணம் வேண்டாம்

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

நம் ஐம்பதாவது மணநாளுக்குக் கோபன்ஹேகன் போகிறோம். இரண்டு ராத்திரி. கால்வாயைப் பார்த்த அறை, லிஃப்ட் இருக்கிறது. உன்னை அழைத்துப்போக முதியோர் இல்லத்தில் சரியென்றுவிட்டார்கள்.

இந்தத் தீவிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். தெரிந்திருந்தது. ஐம்பதாவது மணநாள் என்றால் இங்கே விடியுமுன் அக்கம்பக்கத்தார் வாசலில் பச்சைக் கிளைகளால் தோரணம் கட்டி, பாட்டுப் பாடி எழுப்புவார்கள். நீ இல்லாத வீட்டு வாசலில், இரவு உடையோடு, நான் மட்டும் நின்று சிரிக்க வேண்டுமா? பக்கத்து வீட்டு ப்ரெபெனிடம் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். "அதெப்படி? கிளையெல்லாம் வெட்டியாச்சே!" என்கிறான். அதனால்தான் ஓடுகிறேன்.

எத்தனை வருஷம் உன்னிடம் கேட்டிருப்பேன்! "அங்க என்னடி இருக்கு? காப்பிக்கு வேற கொள்ளை விலை" என்று தட்டிக் கழித்தாய். நேற்று இல்லத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாய். கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

"போலாமே! எப்ப கிளம்பணும்?"

நீ கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தாய்.

"ஆனா எங்க வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதுங்க. பாவம், அவளுக்கு ரொம்ப நாளா அங்க போகணும்னு ஆசை."

எவளோடோ கிளம்ப உனக்கு எவ்வளவு அவசரம் பார்! வந்த கோபத்தில், வீடு வந்து சேரும்வரை நான் அழவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலைக் கப்பல். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக இரு. அவளிடம் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் உன்னோடு வருகிறவள்